பால் பொங்கிய நேரம்

சொர்ணத்துக்குக் கவலைப்படக் காரணம் தேவையில்லை. சும்மா இருந்தாலே கவலைப்படுவாள். மகள் ஸ்ரீரஞ்சனி ஜெர்மனிக்குப் படிக்கப் போனதும் காரணமும் கிடைத்துவிட்டது, அப்புறம் கேட்க வேண்டுமா? இவர்கள் குடியிருக்கும் சந்தாபுராவில் வெயில் அடித்தால், அங்கே பிள்ளை குளிரில் நடுங்குமே என்று கவலை. தட்டில் கை வைத்தால், அது காய்ந்த ரொட்டியைத் தின்னுகிறதே என்று கவலை. "அவ பொழைச்சுக்குவாடி, நீ சாப்புடு" என்பார் கணவர் சாமிநாதன். "பெத்தவளுக்குத்தான் தெரியும்" என்று ஒரே போடாகப் போட்டு அவர் வாயை அடைத்துவிடுவாள்.

மகளோ எதையும் முழுசாகச் சொல்கிற ரகம் இல்லை. "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி. துருவிக் கேட்டால்தான் ஒவ்வொன்றாக வரும். ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காதாம், சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைக்க வேண்டுமாம். குப்பையைத் தப்பான டப்பாவில் போட்டால் யாராவது கூப்பிட்டு நிறுத்திச் சொல்வார்களாம். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறதாம். வகுப்பில் எல்லாரும் சிரிக்கும்போது இவளும் சிரித்து வைக்கிறாள், எதற்குச் சிரித்தார்கள் என்பது அறைக்கு வந்தபிறகுதான் புரிகிறது. இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொர்ணத்துக்கு அன்று தூக்கம் போயிற்று.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை, தங்க இடம். அந்த ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. போய் இறங்கிய நாளிலிருந்து ஓசூர்ப் பெண் தீபிகாவின் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போர்வையை விரித்துப் படுத்திருந்தாள், அதுவும் விடுதி மேனேஜருக்குத் தெரியாமல். யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் ஓடி ஒளிய வேண்டும். கார்த்திகை பிறந்த கையோடு ஒருவழியாக மாணவர் விடுதி ஒன்றில் தனி அறை கிடைத்தது. சின்ன அறைதான். ஆனால் சாவி அவள் கையில்.

சேதி கேட்டதும் சொர்ணம் சொன்ன முதல் வார்த்தை, "பால் காய்ச்சாம அங்க படுக்கக் கூடாது."

திருப்பத்தூரிலிருந்து வந்து இந்த ஊரில் அவள் மாறாத வாடகை வீடில்லை. குடி போன வீட்டிலெல்லாம் பால் பொங்கி வழிந்த பிறகுதான் பெட்டி படுக்கை உள்ளே போகும். பாதியில் கேஸ் தீர்ந்துபோய்ப் பால் பொங்காத ஒரே ஒரு வீட்டில்தான் சாமிநாதன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம்.

"அம்மா, அப்ப இங்க நடுராத்திரிம்மா!"

"காலண்டர் நம்ம ஊர்ல அச்சடிச்சது. நல்ல நேரமும் நம்ம ஊர் நேரந்தான்."

"ரூம்ல நெருப்பு பத்த வெக்கக் கூடாதுன்னு கையெழுத்தே வாங்கியிருக்காங்க."

"ஒரே ஒரு துண்டு கற்பூரம்டி. அது ஒரு நெருப்பா?"

பிள்ளை என்ன செய்யும்? கண்டம் தாண்டிப் போனாலும் அம்மா அம்மாதானே.

திங்கட்கிழமை விடிகாலையில் சொர்ணம் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வீடியோ காலில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஸ்ரீரஞ்சனி கம்பளிக் குல்லாயுடன் தூங்கி வழிந்தாள். மின்சார அடுப்பில் பால் ஏறியது. "எடுத்துடவாம்மா?" "கைய வெக்காத! நல்லாப் பொங்கட்டும்." பொங்கியது. சூடான தட்டில் வழிந்து கருகி, புகை எழும்பியது. "இப்பக் கற்பூரத்தக் காட்டு" என்றாள் சொர்ணம். காட்டினாள். அவ்வளவுதான், காதைக் கிழிக்கிற மாதிரி ஓர் அலறல். திரையில் கூரை தெரிந்தது. யாரோ கதவை இடித்தார்கள். "அய்யோ அம்மா!" என்ற குரலோடு லைன் அறுந்தது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சாமிநாதன் இரவு ஷிப்ட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அதற்குள் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. சொர்ணத்துக்கு வேலை பொம்மசந்திராவில், மாத்திரை பேக்கிங். கம்பெனி வாசலிலேயே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நெருப்பு பிடித்துக்கொண்டதோ? பிள்ளைக்குக் கையில் காலில் பட்டதோ? இத்தனை நாள் குளிருக்குப் பயந்தாள், இருட்டுக்குப் பயந்தாள், முகம் தெரியாத மனிதர்களுக்குப் பயந்தாள். அவர்கள் யாரும் பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை. செய்தது பெற்ற தாய்!

பொறுக்கி எடுக்க வேண்டிய, மாத்திரை இல்லாத காலி அட்டைகள் அவள் கண்ணெதிரே நழுவிப் போய்க்கொண்டிருந்தன. கன்னடக்காரி சூப்பர்வைசர் மமதா வந்து பெல்ட்டை நிறுத்தினாள்.

"ஏனாயித்து சொர்ணக்கா? கையி இங்க இருக்குது, மனசு எங்கயோ இருக்குதே."

சொர்ணம் அழுதாள். மமதா கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. "ஹோகி, போன் பாத்துட்டு வாங்க. நான் நிக்கறேன்" என்றாள்.

லாக்கரில் ஸ்ரீரஞ்சனியின் குரல் பதிவு காத்திருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. புகைக்கு அலாரம் அடிச்சு, தீயணைப்பு வண்டி வந்துச்சு. அத்தன பேரையும் எழுப்பி, நைட் டிரஸ்ஸோட குளிர்ல நிக்க வெச்சுட்டாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்கம்மா. வியாழக்கிழமை மேனேஜர் வரச் சொல்லியிருக்காரு. ரூம் போயிடும்னுதான் நெனைக்கறேன்."

உயிர் வந்தது. வந்த உயிர் அந்தக் கடைசி வார்த்தையில் பாதி போயிற்று. மறுபடி தீபிகாவின் அறையா? மறுபடி குளியலறையில் ஒளிந்து நிற்பதா?

இரண்டு நாள் சொர்ணம் மகளைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? புதன்கிழமை சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போகணும்மா. நம்ம ஊர்ல அப்ப ரெண்டரை. நேரம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லேன். பயமா இருக்கு."

இத்தனை காலம் நல்ல நேரம் கெட்ட நேரம் என்றால் உதட்டைப் பிதுக்கியவள் கேட்கிறாள். சொர்ணம் காலண்டர் பக்கம் திரும்பவே தேவையில்லை. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம். அந்த நேரத்தில் அவள் கடைக்குக் கூடக் கிளம்ப மாட்டாள்.

"ரொம்ப நல்ல நேரம் சாமி" என்றாள். "தைரியமாப் போ."

வாய் சொல்லிவிட்டது, மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாமி விஷயத்தில் பொய் சொல்லியாகிவிட்டது. அதுவும் எந்தப் பொய்! மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினாள். பேக்கிங் லைனில் கை ஓட, உதடு தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டது. தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடு, அந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று கெஞ்சினாள். மூன்று மணி தாண்டியும் கெஞ்சல் நிற்கவில்லை.

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"ரூம் இருக்கும்மா! வார்னிங்கோட விட்டுட்டாங்க. அடுத்த தடவ ஆச்சுன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்களாம். ஒவ்வொரு கதவா தட்டி மன்னிப்பு கேக்கணும்னாங்க. இப்பத்தான் கேட்டு முடிச்சேன். பக்கத்து ரூம்காரி உள்ள கூப்பிட்டு டீ குடுத்தா, ஏன் பால பொங்க விட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாம்மா."

சொர்ணம் லாக்கர் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"மேனேஜர் முன்னாடி முதல்ல பேச்சே வரல. அப்புறம் நல்ல நேரம்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. அந்தத் தைரியத்துலதாம்மா பேசினேன்."

"இனிமே எது செஞ்சாலும் அங்க விடிஞ்சப்புறம் செய்டி" என்றாள் சொர்ணம். "உன் கடிகாரத்தப் பாத்துச் செய்."

"அப்ப காலண்டரு?"

"அத நான் பாத்துக்கறேன். நீ போய்ச் சாப்புடு."