ஒச்சப்பன் உயர்த்திக் கொடுத்த வண்டி

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை போடுகிற ஒச்சப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம் என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவர். கிடங்குகளில் மிளகும் சுக்கும் இறக்கிக்கொண்டிருந்தவருக்கு, பாரம் தாங்காமல் லாரிகள் பட்டை ஒடிந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்தே இந்தத் தொழில்மேல் மனசு போனது. ஒரு பட்டறையில் ஒட்டிக்கொண்டு சம்மட்டி பிடித்தார். பிறகு தனியாகவே பட்டறை போட்டார். வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வண்டியின் மொத்தப் பாரத்தையும் வாங்குவது அதுதான். "நாலு டன் வண்டியில ஆறு டன் ஏத்திட்டு வந்து என்னையக் கேள்வி கேக்கக் கூடாது" என்று டிரைவர்களை வாங்கு வாங்கு என்று வாங்குவார். ஆனால் ஆறு டன்னுக்குத் தாங்குகிற மாதிரிதான் போட்டுக் கொடுப்பார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் மகள் ரோஜாவிடம் மட்டும் பேசாமல் இருந்தார். தேவரா என்ற ஊர்க்கார மலையாளிப் பையன் அஜீஷை அவள் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்றிருந்தது. மனைவி பாக்கியலக்ஷ்மி அடுப்படியில் நின்று மகளோடு ரகசியமாகப் போனில் பேசுவாள். அவர் தெரியாத மாதிரி பல் குத்திக்கொண்டிருப்பார். உள்ளுக்குள் ஏங்கிப்போய்த்தான் கிடந்தார். வறட்டுக் கௌரவம் விடவில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் அஜீஷ் தன் பழைய பிக்கப்பைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பாறையிலும் சேற்றிலும் வண்டி ஓட்ட மலைக்குப் போகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அதற்கு வண்டி உயரமாக நிற்க வேண்டும்.

"வேற ஆரு கையிலயும் கொடுக்க எனக்கு மனசில்ல" என்றான், முகத்தைப் பார்க்காமலே. "நீங்கதான் இதைப் பொக்கித் தரணும்."

ஒச்சப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஆனை உசரத்துக்குத் தூக்கித் தாரேன். ஏணி வச்சு ஏறிக்க" என்றார். அஜீஷ் சிரித்துவிட்டான். இவரும் சிரித்தார். அத்தனை நாள் கோபமும் அந்தக் கேலியோடு கரைந்து போனது.

தன் சொந்த வண்டிக்குக்கூட அப்படி உழைத்திருக்க மாட்டார். முன்னும் பின்னும் வளைவு கூடிய பட்டைகள் அடித்துப் போட்டார். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை கொடுத்து, நீளமான போல்ட்டுகளால் இறுக்கினார். வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. பிறகு வழக்கப்படி சோதனை. பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து ஏற்றி, பாரத்தோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது அவர் முறை. வண்டியின் சட்டமான சேஸிலிருந்து சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் பிரேக் ஹோஸைத் தொட்டும் பார்த்தார். தொளதொளவென்றுதான் இருந்தது. திருப்தியாக எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது. பாரம் ஏற்றிய லாரிக்கு எல்லாச் சக்கரமும் தரையில் இருக்கும். பாறை ஏறுகிற வண்டிக்கோ ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்கினால் சேஸை விட்டு விலகி இறங்கும், உயர்த்திய வண்டியென்றால் இன்னும் விலகும். அதற்கேற்ப ஹோஸையும் நீளமாக மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இழுபட்டுப் பிய்ந்து, ஆயில் ஒழுகி பிரேக் போய்விடும். ஒச்சப்பனுக்கு இது விளங்காத சங்கதி இல்லை. ஆனால் தொங்குகிற சக்கரத்தை நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவர் ஆயுசிலேயே வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஜா அவருக்கே போன் செய்தாள். "அப்பா, நானும் அஜீஷோட மலைக்குப் போறேன்." "பைய போங்க தாயி" என்றார்.

மத்தியானம் பாக்கியலக்ஷ்மியின் போனுக்கு ஒரு படம் வந்தது. பாறைமேல் பிக்கப், முன்சக்கரம் ஒன்று ஆகாயத்தில். "அப்பா பொக்கின வண்டி! உச்சிக்கு வந்தாச்சு, இனி இறக்கம்தான்" என்ற ரோஜாவின் குரலும் கூடவே வந்தது. பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி எட்டிப் பார்த்து, "கொள்ளாமே, ஜோரா இருக்கே!" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

ஒச்சப்பன் போனை வாங்கி, தன் பட்டையின் வளைவைப் பார்க்க ஆசையாகப் படத்தைப் பெரிதாக்கினார். பட்டைக்குப் பக்கத்தில் பிரேக் ஹோஸ் விறைத்து நேராக நின்றது. அது போய்ச் சேருகிற இடத்திலிருந்து சக்கரத்தின் உள்பக்கமாக ஈரம் ஒழுகியிருந்தது. சேறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சேறு அப்படிப் பளபளக்காது என்பது அவருக்குத் தெரியும்.

தன் போனை எடுத்து ரோஜாவைக் கூப்பிட்டார். கிடைக்கவில்லை. அஜீஷும் கிடைக்கவில்லை. உச்சியில் மட்டும் சிக்னல் இருந்திருக்கும்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்பிடிப் போச்சு?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

அவர் குரல் செய்தி அனுப்பப் போனை வாயருகே கொண்டுபோனார். "அஜீஷு, வண்டிய எடுக்காதப்பா. ரெண்டு பேரும் நடந்து இறங்குங்க. பிரேக்கு பிடிக்காது. தப்பு என்னோடது. நான் பாக்காம விட்டுட்டேன்."

அனுப்பினார். போய்ச் சேரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பாக்கியலக்ஷ்மி தன் போனில் மகளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடி, தெரிந்த டிரைவரின் காரை மறித்து ஏறினார். மலை எங்கே, மட்டாஞ்சேரி எங்கே. ஆனாலும் சும்மா உட்கார முடியவில்லை. கார் தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது போன் அடித்தது. அஜீஷின் நம்பர்.

"அஜீஷு!" என்று கத்தினார்.

வேறு யாரோ பேசினார்கள். "சேட்டா, இந்த போன் இங்க தாழ்ச்சியில, பள்ளத்துல கிடந்து கிட்டிச்சு. இதில அச்சன்னு எழுதியிருக்கு, அதான் ரேஞ்சு உள்ள இடத்துக்கு வந்து விளிச்சேன். இவரோட அச்சன்தானே?"

மாமனாரின் நம்பரை அஜீஷ் அச்சன், அப்பா என்றுதான் போட்டு வைத்திருந்தான். பின்னால் ரோஜா கதறுவது கேட்டது. அவள் உயிரோடு இருக்கிறாள். அஜீஷின் குரல் வருகிறதா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். வரவில்லை.

"ஆமா" என்றார் ஒச்சப்பன். "நான்தான் அவனோட அச்சன்."