எட்டுப் பாடங்கள் போதும்

"எதிர்ப்பவர்கள்?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் கேட்டதும் முதலில் உயர்ந்தது அக்காவின் கைதான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு சிறிய கலைக் கல்லூரியில் கணினி அறிவியலையும் முதன்மைப் பாடமாகச் சேர்க்க நான் எழுதிய திட்டம் அன்று திருப்பி அனுப்பப்பட்டது.

நான் அக்கா என்று அழைத்தவர் எங்கள் இசைத்துறைத் தலைவர், மலேசியத் தமிழர். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவள். திட்டம் நிறைவேறினால் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் விசாவே கேள்விக்குறி. இது அக்காவுக்குத் தெரியும். கிளென்ஃபீல்டில் இருந்த அவர் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் அந்தக் கை எனக்கு அவ்வளவு வலித்தது.

படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். "ஏன் அக்கா? என்ர நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதுக்காக மோசமான திட்டத்துக்குக் கை தூக்கச் சொல்றியா? பெரிய யூனிவர்சிட்டி பாடத்தை எல்லாம் அப்படியே அள்ளிப் போட்டிருக்க. இதைப் படிக்கிற புள்ள வரலாறு எப்போ படிக்கும், பாட்டு எப்போ படிக்கும்? அதுக்கு இங்க ஏன் வரணும்? ரெண்டே வருஷத்துல மூடிருவாங்க லா," என்றார் தன் மலேசியப் பேச்சில்.

நான் படியிறங்கிப் போய்விட்டேன். சில வாரங்கள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் கோபம் ஆறியபின் திட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அதில் எங்கள் கல்லூரியே இல்லை என்பது புரிந்தது. இருந்த ஒரு கணினி அறைக்கும், கற்பிக்க இருந்த ஒரே ஆளுக்கும் அது பொருந்தவில்லை. ஒவ்வொன்றாக வெட்டினேன். வன்பொருள் போனது, நான் ஆசையாக வைத்திருந்த உயர்கணிதமும் போனது. ஏழு பாடங்கள் மிஞ்சின. எட்டாவதாகப் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன்: இறுதியாண்டு மாணவர் தாம் எழுதிய நிரலைக் கணினி தெரியாத ஓர் ஆசிரியருக்கு விளக்கிப் புரியவைக்க வேண்டும்.

அதை அக்காவிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "அந்தக் கணினி தெரியாத ஆளு நான்தான்," என்றார். இரண்டாவது கூட்டத்தில் எழுந்து எனக்காகப் பேசியவரும் அவரே. திட்டம் நிறைவேறியது. என் வேலையும் நிலைத்தது.

முதலில் சேர்ந்த மாணவர் அணியில், நகரின் மேற்கு ஓரத்திலுள்ள ரானுயியிலிருந்து ஒரு பெண் படித்தாள். தன் பகுதிக்குக் குறைந்த பேருந்துகளைக் கொண்டு ஒரு கால அட்டவணை போடும் நிரல் எழுதியிருந்தாள். முதல் முறை விளக்கியபோது அக்கா புரியவில்லை என்று திருப்பி அனுப்பினார். அவள் அழுதுகொண்டே போனாள். அடுத்த முறை படம் வரைந்து, ஒரு சொல்லும் வீணாகாமல் விளக்கினாள். அக்கா தலையசைத்தார். பிறகு அட்டவணையில் விரல் வைத்து, கடைசி நிறுத்தத்தில் நிற்பவர்கள் மட்டும் எல்லா நேரமும் மற்றவர்களைவிட அதிகமாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அது யார் எடுத்த முடிவு என்று கேட்டார்.

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அந்த நிரலை வரி வரியாகச் சரிபார்த்து முழு மதிப்பெண் போட்டிருந்தவள் நான். அந்தக் கடைசி நிறுத்தம் என் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

"என் வீட்டு ஸ்டாப்தானே அது," என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தபடி, அவள் தாள்களை அள்ளிக்கொண்டு கணினி அறைக்கு ஓடினாள்.

அக்கா இப்போது இல்லை. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தத் துறையில் இன்று பாடங்கள் பெருகிவிட்டன, ஆசிரியர்களும் பலர். எட்டாவது பாடத்தை மட்டும் இன்றுவரை யாரும் நீக்கவில்லை.