வாசலை விட்டுவிட்டு

பனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டிக்கொண்டு கதவு மூடாமல் அடம்பிடிக்கும்போது கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பேனே, அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் எங்கோ ஒரு குளிர்நாட்டில் எந்தக் கட்டடத்தின் முன்னால் எவ்வளவு நேரம் பனி தள்ள வேண்டும், தள்ளிய தரைக்கு எத்தனை மூட்டை உப்புப் போட வேண்டும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நல்லம்பள்ளியில் பஸ் ஏறி வந்து, தர்மபுரியில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் இருக்கும் ஆபீஸில் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்து இதைச் செய்கிறேன்.

வேலையில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த நாட்டுக் கம்பெனி ஒன்று கடைகள், ஆஸ்பத்திரிகளில் பனி தள்ளும் கான்ட்ராக்ட் எடுக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் நாங்கள் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு அளவு எடுப்போம். பனி எவ்வளவு உயரம் விழும், வண்டியின் முன்னால் மாட்டும் தகடு எவ்வளவு அகலம், விளக்குக் கம்பங்களை எப்படிச் சுற்றித் திருப்புவது, தள்ளியதை எந்த மூலையில் குவிப்பது, எல்லாம் பார்த்து நேரம் போடுவோம். உப்பு, தரை மறுபடி உறைந்து வழுக்காமல் இருக்க. இதை வீட்டில் சொன்னபோது மாமியார் நம்பவில்லை.

"உப்பக் கொண்டுபோயி கால் மிதிக்கிற எடத்துல கொட்றாங்களா? அவிங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்றார்.

"அங்க அப்படித்தாங்க அத்தை" என்றேன், ஏதோ நானே போய்க் கொட்டிவிட்டு வந்தவள் மாதிரி.

ஆடி மாதத்தில் ஒரு டயாலிசிஸ் ஆஸ்பத்திரிக்குக் கணக்குப் போட்டேன். நோயாளிகள் விடியும்போதே வருவார்கள் என்று குறிப்பில் இருந்தது. பார்க்கிங், வண்டி வரும் வழி எல்லாம் சேர்த்தேன். கதவுக்கு முன்னால் இருக்கும் சிமெண்ட் தரையை விட்டுவிட்டேன். மறதி இல்லை, யோசித்துத்தான் விட்டேன். வாசலுக்குப் போய் யாராவது கான்ட்ராக்ட் விடுவார்களா? எங்கள் பக்கம் வாசல் என்பது உள்ளே இருப்பவர்களின் பொறுப்பு. கடையானாலும் பாங்க் ஆனாலும் காலையில் உள்ளிருந்து ஒருவர் விளக்குமாறோடு வந்து கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவார். வேற்று ஆள் வந்து என் வாசலைக் கூட்டினால் எனக்கே கோபம் வரும்.

கார்த்திகையில் அங்கே முதல் பனி விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது: பார்க்கிங் சுத்தமாக இருக்கிறது, கதவுக்கு முன்னால் கணுக்கால் புதையப் பனி கிடக்கிறது, நடக்க முடியாதவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்? சாயங்கால வீடியோ மீட்டிங்கில் அந்தக் கம்பெனிக்காரர் இதைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் டீம் லீடர் மாரண்டஹள்ளிக்காரர், சமாளிப்பதில் கெட்டிக்காரர். மைக்கை அணைத்துவிட்டு, "நீங்க பேசாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான், எங்கள் ஊரில் வாசலை அவரவரே கூட்டிக்கொள்வார்கள், அதனால் விட்டுவிட்டேன் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கம்பெனிக்காரர் சிரித்தார். பிறகு சற்று யோசித்துவிட்டு, இது நல்ல வழியாக இருக்கிறதே என்றார். இனிமேல் எல்லா இடத்துக்கும் வாசலை விட்டே கணக்குப் போடுங்கள், தொகை குறைவாகத் தெரியும், கான்ட்ராக்ட் நமக்கு வந்துவிடும். வாசலும் வேண்டுமென்றால் தனியாகக் கொடுக்கட்டும்.

அவர் சொன்னபடியே கான்ட்ராக்ட்டுகள் வந்தன. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். "நம்ம மேடத்தோட ஊர்ப் புத்தி கடல் தாண்டி வேலை செய்யுது பாருங்க" என்றார் டீம் லீடர். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பாராட்டில்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேக்கை மிச்சம் வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தனிக் காசு என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தங்கள் ஆளே தள்ளிக்கொள்வார் என்றார்கள். அந்த ஆள் வேலைக்கு வருவது நோயாளிகள் வந்து வெகு நேரம் கழித்துத்தான் என்பது எனக்குத் தெரியும், அவர்களுடைய குறிப்பிலேயே இருக்கிறது.

"அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாசலையும் சேத்துரலாங்களா சார்?" என்று டீம் லீடரிடம் கேட்டேன்.

"அவிங்களே வேணாங்கறாங்க, உங்களுக்கு என்னாங்க? இன்க்ரிமென்ட் நேரத்துல எதுக்கு இந்த வேலை?"

இந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடும் அளவுக்கு நான் ஒன்றும் பெரிய மனுஷி இல்லை. என் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு பனிக்குப் பிறகும் வண்டி ஓட்டுபவர் படம் எடுத்து அனுப்புவார். கான்ட்ராக்ட்படி வேலை முடிந்ததா என்று பார்த்து ஓகே கொடுப்பதும் என் பொறுப்பு. போன வாரம் அந்த ஆஸ்பத்திரியின் படம் வந்தது. பார்க்கிங் கருப்பாக, சீராக உப்புத் தூவி, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. கதவுக்கு முன்னால் மட்டும் வெள்ளை. அதில் ஒரு ஆள் நடந்துபோன ஷூ தடம். ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் வட்டமாக ஒரு சின்னக் குழி. அது கைத்தடி ஊன்றிய இடம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதவை எட்டுவதற்கு முன்னால் தடம் நின்றுவிட்டது. அங்கே பனி அகலமாக அமுங்கிக் கிடந்தது, ஒரு ஆள் விழுந்த அகலம். அதற்கு அப்புறம் குழி இல்லை. இரண்டு பக்கமும் வேறு வேறு ஷூ தடங்கள் கதவுவரை போயிருந்தன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் கோடு போட்ட இடம் முழுக்கச் சுத்தமாக இருந்தது. ஓகே கொடுத்தேன்.