வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மோட்டார் கொட்டகையின் தகரக் கூரைமேல் கிடந்த பேம்பர்ஸை நீளக் கழியால் இழுத்துக்கொண்டிருந்தாள் திலகா. செம்பனைக் குலை வெட்டும் கழி அது. அரிவாளைக் கழற்றிவிட்டு நுனியில் ஒரு வளைந்த கம்பியைக் கட்டியிருக்கிறாள். பேம்பர்ஸ் விழுந்தது, பின்னாலேயே ஒரு மீன்தலை விழுந்தது. யாரோ கொட்டிய பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை மட்டும் வரமாட்டேன் என்றது. அண்ணாந்து பார்த்தாள். ஏழு மாடிச் சன்னல்களும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தன.

"திங்கறதுக்கும் பேளறதுக்கும் ஊரே இருக்கு. பெறக்கறதுக்கு மட்டும் திலகா," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

மந்தின் பட்டணத்தின் ஓரத்தில் இருக்கிற இந்த அடுக்குமாடிக்கு அவள்தான் நிர்வாகக் குழுத் தலைவி. பிழைப்புக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். தலைவி பதவியை அவள் கேட்டு வாங்கவில்லை. கூட்டத்தில் எல்லோருக்கும் மைலோ கலக்கிக்கொண்டு வந்தபோது கை தட்டினார்கள். மைலோவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இவர்கள் வேலை செய்த தோட்டத்தை விற்றபோது, குடியிருந்த லயத்துக்குப் பதிலாகக் கிடைத்த வீடுகள் இவை. லயத்தில் குழாய் உடைந்தால் தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் சொல்வார்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆளோடு வருவார். இங்கே வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இவர்கள் இன்னும் மண்டோரைத் தேடுகிறார்கள். மாடிப்படியில் விளக்கு எரியவில்லையா, திலகா. தண்ணீர்த் தொட்டியில் புறா செத்துக் கிடக்கிறதா, திலகா. கூட்டத்துக்கு வா என்றால் மட்டும் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் சிரம்பானில் கல்யாணம் வரும். "கதவுக்கு உள்ள இருக்கறது ஒங்க வீடு. வெளிய இருக்கறது கவர்மெண்டு வீடாலா?" என்று கேட்டுக் கேட்டு அவள் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

திட்டாமல் அவளால் ஒரு பல்பு மாட்ட முடியாது. வாய் திட்டும், கை வேலையைச் செய்யும். இரண்டில் ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். பகலில் எரியும் விளக்கைக் கண்டால், யார் வீட்டுச் சாவில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போய் அணைப்பாள். லிப்டில் ஏறினால் அதன் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள், கறக்கப் போகிற மாட்டைத் தட்டுவதுபோல.

அந்த லிப்ட்தான் இந்த ஆண்டு அவளைப் படுத்தி எடுத்தது. நின்றபோதெல்லாம் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நின்றது. அதற்கு மறுநாள் சனிக்கிழமை, கணேசமூர்த்தி ரத்தம் சுத்திகரிக்கச் சிரம்பானுக்குப் போகிற நாள். சர்க்கரையில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு ஏழாவது மாடியில் கிடக்கிறார் மனிதர். லிப்ட் ஓடாவிட்டால் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்க வேண்டும். திலகா அவருடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்குவாள். கடைசி முறை படி திரும்பும் இடத்தில் நாற்காலி சுவரில் இடித்துச் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். "பொணத்ததான் இப்படித் தூக்குவாங்க. நான் இன்னும் பொணமாவலலா," என்றார். அந்த வாரம் முகமெல்லாம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்.

லிப்டைப் பழுது பார்க்க வந்தவர் ஈரமான ஒயர்களை அவளிடம் காட்டினார். ஏழாவது மாடிக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. இன்னொரு முறை நனைந்தால் முழுதும் போய்விடும், புதியது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

கீழே டேவான் மண்டபத்தில் கூட்டம் போட்டு அதைச் சொன்னாள். "வாடகைக்கு வந்தவங்க வேலையாதான் இருக்கும்," என்றார் பொருளாளர் சுகுமாறன். "வாசிங்மெஷின் பைப்பக் காரிடார்ல விட்டுப்புட்டு வேலைக்குப் போயிர்றாங்க."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா சேர்மன்? தெரியாதா?"

கணேசமூர்த்தியின் மனைவி ராக்கம்மா எழுந்தாள். கூட்டத்தில் பேசாதவள். "எவ வீட்டுத் தண்ணிலா அது? எம்புருசன் உசுரு அந்த லிப்டுல தொங்குது. கண்டுபிடி திலகா. கண்டுபிடிச்சி அவ கைய ஒடி," என்றாள். அன்றைக்கு அதிகமாகக் கை தட்டியது அவளுக்குத்தான். துணி துவைத்த தண்ணீரை வெளியே விடக்கூடாது என்று திலகா ஏழாவது மாடியில் நோட்டீஸ் ஒட்டியபோது டேப் வெட்டிக் கொடுத்ததும் அவளேதான்.

அந்த முகம் தெரியாத ஒருத்திக்காகத் திலகா நல்ல நல்ல வசவாகச் சேர்த்து வைத்திருந்தாள். வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். 'புள்ள குட்டி பெத்தவதானா நீ' என்று தொடங்கி, முடிவு வரைக்கும் பாடமாகியிருந்தது.

பள்ளி விடுமுறை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வேன் எடுக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே, தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாவது மாடிக்குப் போனாள்.

ராக்கம்மா வாசல் கழுவிக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளியோடு சாய்த்து, ஈர்க்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள். லயத்து வாசலில் ஊற்றிய தண்ணீர் முன்னால் இருக்கும் கால்வாய்க்குப் போய்விடும். இங்கே முன்னால் இடுப்புயரச் சுவர். அதனால் பக்கவாட்டில் தள்ளினாள். பக்கத்தில் லிப்ட்.

"என்னாக்கா இது?"

"என்னா என்னா? வெள்ளிக்கெழம. வாச கழுவறேன்."

"தண்ணி எங்க போவுது பாருங்க."

"இது வாசத் தண்ணிலா. மஞ்சத் தண்ணி. ஊரா வூட்டு அழுக்குத் தண்ணியா இது?"

திலகா கட்டையைப் போட்டுத் தண்ணீரை மறித்தாள். ஆனால் முன்னால் போனது போய்விட்டது. கதவிடுக்கில் மஞ்சளாக வழிந்து, அடியில் எங்கேயோ சொட்டுச் சொட்டென்று விழும் சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. ராக்கம்மா கதவைப் பார்த்தாள். கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள்.

"அவருக்காகத்தான் புள்ள கழுவறேன்," என்றாள் மெல்ல. "கால் எடுத்த நாள்லேர்ந்து ஒரு வெள்ளி விட்டதில்ல."

பாடம் பண்ணி வைத்த வசவு முழுவதும் திலகாவின் நெஞ்சுக்குழியில் வந்து நின்றது. ஒடிக்கச் சொன்ன கை எதிரிலேயே இருந்தது, விரல் நுனியெல்லாம் மஞ்சளாக. திலகா தண்ணீரை மாடிப்படிப் பக்கம் தள்ளினாள். வாய் மூடியிருக்க அவள் கை வேலை செய்தது அன்றைக்குத்தான்.

"யாரு அது? தெலகாவா? உள்ள வாலா," என்று கணேசமூர்த்தியின் குரல் கேட்டது.

உள்ளே போனாள். ஹாலில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராக்கம்மா பாதி வாளித் தண்ணீரோடு பின்னால் வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நாளைக்கு லிப்ட் ஓடுமா புள்ள?"

"பாக்கணும்ணே."

அவர் முகம் மாறியது. "மறுபடியும் தண்ணி ஊத்திட்டாளா? ஆளு தெரிஞ்சிச்சா?" கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "யாருன்னு சொல்லு. ஒத்தக் கால்ல நின்னாவது நான் கேக்கறேன், நான் செத்தா ஒனக்கு என்னாடி கெடைக்கப் போவுதுன்னு."

நிலைப்படியில் வாளியின் கம்பி கிறீச்சிட்டது. ராக்கம்மா தலையைத் தூக்கவில்லை. வாளியடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒன்னத்தான கேக்கறேன் தெலகா. யாரு?"

திலகா கட்டையைத் தோளில் போட்டாள். நிலைப்படிக்குப் போய், இறுகிப் பிடித்திருந்த மஞ்சள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.