மணக்காத சணல்

மூடியைத் திருகித் திறந்து, பாட்டிலை மருமகளின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார் மிக்ஸிங்காரர். மோந்து பார்ப்பது அவள், மூச்சடக்குவது இவர். பழைய ஜாம் பாட்டில். உள்ளே ஒரு கைப்பிடி சணல். காலையிலிருந்து மொட்டை மாடி வெயிலில் கிடந்து சூடேறியிருக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் கதவு எவ்வளவு சுடுமோ அவ்வளவு சுட வேண்டும் என்பது அவர் கணக்கு.

"பயப்படாம சொல்லும்மா."

"மண்ணெண்ணெய் வாசம் போயிடுச்சு மாமா. ஆனா கடைசியில லேசா ஒரு காறல் இருக்கு."

அவர் தலையைச் சொறிந்துகொள்கிறார். மருமகள் பாட்டிலில் ஒட்டிய தாளில் 'காறல்' என்று எழுதுகிறாள். முந்தைய பாட்டில்களில் 'செருப்புக் கடை', 'நனைந்த நாய்' என்றெல்லாம் எழுதியிருக்கிறாள். நனைந்த நாய்க்கு மட்டும் அவர் இரண்டு நாள் மனம் வருந்தினார்.

சணல் ஆலையில் இருபத்தாறு வருடமாக எண்ணெயும் தண்ணீரும் கலந்து சணலில் தெளிப்பது அவர் வேலை. தெளிக்காவிட்டால் விறைத்த நார் இயந்திரத்துக்குள் முறிந்து தூளாகிவிடும். "தலைக்கு எண்ணெய் வைக்காம சீப்பு போட்டா எந்தப் பொண்ணு சும்மா இருப்பா?" என்று கேட்பார். அந்த எண்ணெய் வாசம் எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். "கொடுத்து வச்சவன் நான். ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு சீட்டு" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

பிளாஸ்டிக் சாக்கு வந்து சணல் சாக்கின் வயிற்றில் அடித்தபோது ஆலைக்காரர்கள் புது இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். சணலை அழுத்தி விரிப்பாக்கும் இயந்திரம். விரிப்பு காரின் கதவுக்குள் போகும். ஆலையின் அந்தப் பிரிவில் நாற்பது பேருக்கு வேலை. இயந்திரத்தை ஓட்டுவது மிக்ஸிங்காரரின் மகன். கார் கம்பெனிக்கு மாதிரி அனுப்பினார்கள். 'நாற்றம் தாங்கவில்லை' என்று திரும்பி வந்தது. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை வரிசையில் நின்று மோந்து பார்த்து, ஒரு நாற்றமும் இல்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். பொய்யில்லை. எண்ணெயிலேயே ஊறிய மூக்குகள். அதே எண்ணெயில் இரண்டாவது மாதிரியும் போய், போன வேகத்தில் திரும்பியது. இன்னும் ஒரு தடவைதான் பார்ப்போம் என்று கம்பெனி எழுதிவிட்டது. அதுவும் திரும்பினால் இயந்திரத்தை விற்றுவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மகனுக்குக் கல்யாணம் ஆனது. வந்த மூன்றாம் நாள் மருமகள் கணவனிடம் மெதுவாகக் கேட்டாள்: "வீட்ல எங்கயாவது மண்ணெண்ணெய் கொட்டியிருக்கா?"

காதில் வாங்கிய மாமனார் வேறொருவராக இருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இவர் மறுநாளே ஒரு பாட்டிலோடு வந்து நின்றார். "உனக்குப் புண்ணியமாப் போகும்மா, இத கொஞ்சம் மோந்து பாரு." அன்றிலிருந்து எட்டு மாதம். மண்ணெண்ணெய் வாசமடிக்கும் பழைய எண்ணெயை விட்டுவிட்டு, தனித் தொட்டியில் தவிட்டெண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் நாற்பது பாட்டில். போன மாதம் அவருடைய சட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, புதுத் தொட்டி வேலைக்கென்று இரண்டு புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாள்.

நாற்பத்தொன்றாவது பாட்டிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தார். மறுநாள் மாதிரி போயாக வேண்டும்.

"ஒண்ணுமே இல்ல மாமா."

அவர் துள்ளிக் குதிக்கவில்லை. ஏதோ பொறி தட்டியது. பரணில் ஏறி மூட்டையைப் பிரித்துப் பழைய சட்டை ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

அவள் முகர்ந்தாள். இன்னொரு முறையும் முகர்ந்தாள். "இதுலயும் ஒண்ணும் இல்லையே."

"முடிஞ்சுது. இவளும் நம்ம ஆளாயிட்டா" என்று மகன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது.

"எத்தனை பாட்டிலா தப்பா சொல்லிட்டிருக்கேனோ. நான் கெடுத்துட்டேனா மாமா?"

"நீ என்னம்மா கெடுத்த? இந்த வீட்டோட ஒட்டிக்கிட்ட, அவ்வளவுதான்."

சொன்னது மனதார. வந்த பெண் வீட்டோடு கலந்துவிட்டதில் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அதே நெஞ்சு மாதிரியை நினைத்துப் படபடவென்று அடித்துக்கொள்ளவும் செய்தது.

திங்கள் காலை மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். போட்டிருந்தது புதுச் சட்டை. முந்தைய வாரத் தவிட்டெண்ணெய்க் கறை முழங்கை வரை இருந்தது. வழக்கமாக வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் தள்ளியே நின்றார்கள். இவரைத் தெரியாத ஒரு பெண் குழந்தையோடு ஏறி, காலி இருக்கையைப் பார்த்து வந்து உட்கார்ந்தாள். அவர் ஜன்னலோடு ஜன்னலாக ஒடுங்கினார்.

குழந்தை கொஞ்ச நேரம் அவரை உற்றுப் பார்த்தது. பிறகு சாய்ந்து, கறை படிந்த அவர் சட்டைக் கையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க ஐயா, நகத்திடறேன்."

"வேணாம்மா. உனக்கு ஏதாவது வாசம் அடிக்குதா?"

அவள் புரியாமல் விழித்தாள். "என்ன வாசம்?"

"மில் ஸ்டாப், மில் ஸ்டாப்" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். ஆலைக்காரர்கள் எல்லாரும் இறங்கினார்கள். மிக்ஸிங்காரர் மட்டும் அந்தக் கையை அசைக்காமல், மறு கையால் பையைத் துழாவிச் சில்லறை எடுத்து, அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் கேட்டார்.