காரின் முன்னால் கட்டிய துண்டு

காரைக்குடியில் நாங்கள் இருவரும் ஒரே தெரு. கட்சிதான் வேறு. மேடையில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழிப்போம். கீழே இறங்கிவிட்டால் அவருக்கு நான் மாப்பிள்ளை, எனக்கு அவர் மச்சான். என் மனைவி மதுரையில் தலையில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த பிறகு, பெரிய சத்தம் கேட்டால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். மச்சான் கட்சியின் பிரச்சார வண்டி எங்கள் தெருமுனையிலேயே மைக்கை அணைத்துவிடும். அவர்தான் சொல்லி வைத்திருந்தார். நான் கேட்கக்கூட இல்லை.

என் கட்சிக்காரர்களிடமும் சத்தம் வேண்டாமென்று கெஞ்சியே கேட்டிருந்தேன். பிரச்சாரத்தின் கடைசி நாள் மாலை, வேட்பாளரோடு வந்தவர்கள் என் வீட்டு வாசலில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள். பழைய கட்சிக்காரனுக்கு மரியாதை செய்கிறார்களாம்! பாவிகள்.

உள்ளே அவளுக்குக் கண் செருகிவிட்டது. வாயில் நுரை. கை கால் இழுப்பது நிற்கவே இல்லை. அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வர வழியில்லை. தெருவில் நின்று கத்தினேன். மேளச் சத்தத்தில் எவன் காதில் விழும்? செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

மச்சான் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவளைத் தூக்கிப் படுக்க வைத்தோம். காரின் முன்னால் அவர் கட்சிக் கொடி. அதைப் பார்த்ததும் எங்கள் கட்சிப் பையன்கள் வழியை மறித்துக்கொண்டு ஆடினார்கள்.

அவர் இறங்கினார். கொடியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்தார். என் தோளில் கிடந்த கட்சித் துண்டை உருவி, காரின் முன்னால் தன் கையாலேயே கட்டினார்.

“இப்ப விடுவாக. ஏறுங்க மாப்ள.”

விட்டார்கள். கைதட்டி விட்டார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அவர் துண்டு கட்டியதை எவனோ படம் பிடித்திருந்தான். மச்சான் விலைபோய்விட்டார் என்று ஊரெல்லாம் செல்போனில் சுற்றியது. அவருடைய கட்சியே அவர் பதவியைப் பிடுங்கிக்கொண்டது. மீசை முளைக்கும் முன்பே கொடி கட்டப் போன மனிதர். மனது கேட்காமல் அவர்கள் அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொன்னேன். நான் பரிந்து பேச வந்ததாலேயே அவர்கள் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்சி வேட்டி கட்டாமல் கைலியோடு உட்கார்ந்திருந்தார். என்னால்தானே எல்லாம் என்று ஆரம்பித்தேன்.

“அத விடுங்க மாப்ள. தங்கச்சிக்கு இன்னமும் வலிப்பு வருதா?”

அன்று காலையில்கூட வந்திருந்தது.

“இல்ல மச்சான், நின்னுபோச்சு” என்றேன்.