மேட்டுப் புல்வெளியில் போட்ட எரு

பிள்ளைகளே, நீங்கள் ஜேர்மனியின் ஹம் நகரத்தில் வளர்ந்தவர்கள். மூத்தவள் பிறக்கும் முன், தொண்ணூறுகளின் நடுவில், நானும் அம்மாவும் ஒரு மலைக் கிராமத்தில் இருந்தோம். புல்வெளிகளும் மாடுகளும் வைத்திருந்த ஒரு கமக்காரர் தன் வீட்டு மேல் அறையை எங்களுக்குத் தந்திருந்தார். அவருடைய பன்னிரண்டு மாடுகளைப் பார்ப்பது என் வேலை.

அந்த உயரத்தில் குளிர் நீளம், விளைச்சல் குறைவு. அதனால் மலைக் கமக்காரர்களுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் உதவி கொடுத்தது. அது நின்றால் மாடுகளை விற்க வேண்டியதுதான் என்று அவர் சொல்லியிருந்தார். குசினிக் கதவில் அவருடைய நிலங்களின் வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் மேட்டுப் புல்வெளிக்கு மட்டும் பச்சை தீட்டி, கீழே நிறைய எழுதியிருந்தது. எனக்கு ஜேர்மன் மொழி வாசிக்க வராத காலம் அது.

சித்திரையில் அவர் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மேட்டுப் புல்வெளியைப் போய்ப் பார்த்தேன். மெலிந்த புல், இடைக்கிடை சின்னப் பூக்கள். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவனுக்குச் சும்மா இருக்க மனம் வருமா? தொழுவத்து எருவைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்று நாள் மேட்டுக்குத் தள்ளினேன். மனுசன் வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான்.

ஊன்றுகோலோடு வந்தவர் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. என்னைக் கதவடிக்குக் கூட்டிப்போய், பச்சையில் விரலை வைத்து, சைகையும் சேர்த்து மெதுவாக விளங்கப்படுத்தினார். காட்டுப் பூக்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக அந்த நிலத்தில் எரு போடுவதில்லை என்று அவர் கையெழுத்து வைத்திருந்தார். உதவியில் பெரும்பங்கு அதற்குத்தான். அடுத்த கிழமை அதிகாரி பார்க்க வருவார் என்றார்.

அம்மாவிடம் சொன்னேன்.

"உங்களை ஆர் கேட்டது?" என்றாள். பிறகு மூத்தவளைச் சுமந்த நிறைவயிற்றோடு மெல்ல மெல்ல மேட்டுக்கு ஏறி வந்தாள். "எனக்குக் குனிய ஏலாது. சாக்கைப் பிடிக்கிறன், அள்ளுங்கோ."

அள்ளக்கூடியதை அள்ளினோம். மிச்சத்தை மழை ஏற்கெனவே மண்ணுக்குள் இறக்கிவிட்டிருந்தது.

அதிகாரி வந்தபோது, கமக்காரர் எல்லாம் தன் கவனக்குறைவு என்று சொல்லத் தொடங்கினார். என் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகவில்லை. என் பெயர் எந்தக் கடதாசியிலும் ஏறக் கூடாது என்று அவருக்கு நினைப்பு. எனக்குக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. தெரிந்த நாலு ஜேர்மன் சொற்களைக் கூட்டி, "நான்தான் போட்டனான். எங்கட ஊரில அது நல்ல காரியம்" என்றேன்.

அதிகாரி தன் வரைபடத்தை விரித்தார். எதுவரை போட்டேன் என்று நடந்து காட்டச் சொன்னார். நான் நடக்க நடக்க, வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டார். எரு விழுந்த அந்தத் துண்டு நிலத்துக்கு மட்டும் அவ்வருடம் உதவி இல்லை, மற்றதுக்கு உண்டு என்றார். பன்னிரண்டு மாடுகளும் தொழுவத்திலேயே நின்றன.

அவர் போனபின் கமக்காரர் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கு எனக்கு ஒருத்தரும் பூ கொண்டுவரேல்ல. நீ எரு சுமந்திருக்கிறாய்."

ஆனியில் மூத்தவள் பிறந்தாள். அவர் நொண்டி நொண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் மேட்டுப் புல்வெளிப் பூக்கள், வைக்கோல் கட்டும் கயிற்றால் கட்டியபடி. நடுவில் ஒரு பிடி கொழுத்த புல், பூ ஒன்றும் இல்லாமல்.

"இது உன்ர துண்டில பிடுங்கினது" என்று புல்லைத் தொட்டுச் சொல்லி, பூங்கொத்தை என்னிடம் தராமல் பிள்ளையின் பக்கத்தில் வைத்தார்.